ஒரு கப்பலும் பத்து விரல்களும்

இந்த வார எபிசோட்டில் விமான நிலையங்களில் பூட்டுகிற முக அடையாளக் கேமராக்களைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் வெட்டின ஒரு துண்டு இருக்கு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுறன். கேட்க நேரம் இல்லாதவை இதை மட்டும் வாசிச்சாலும் விளங்கும்.

உங்கட அம்மம்மாவோ பெரியப்பாவோ யாழ்ப்பாணத்தில் இருந்து கனடாவுக்கு வர விசிட்டர் விசா போட்டிருந்தால், அந்தப் படிவத்தை நிரப்பினது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தில் பயோமெட்ரிக்ஸ் என்று 85 டொலர் வரும். கார்ட் நம்பரைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே கொழும்பில் அம்மம்மா ஒரு கண்ணாடித் தட்டில் பத்து விரலையும் வைக்க வேணும். ஒரு படமும் எடுப்பினம். வெங்காயத் தோட்டத்தில் இருபது முப்பது வருசம் நின்ற கை என்றால் ரேகை தேய்ந்துபோய் மெஷின் இலகுவில் பிடிக்காது. துடைத்துத் துடைத்துத் திரும்ப வைக்கச் சொல்லுவினம். 14 வயதுக்குக் கீழேயும் 79க்கு மேலேயும் இருக்கிற விசிட்டர்களுக்கு மட்டும் இது இல்லை.

அந்த 85 டொலர் வரி எங்கே இருந்து வந்தது? அதைச் சட்டமாக்கின அதே சட்டமூலத்துக்குள் ஒரு கப்பலின் கதையும் இருக்கு. அதுவும் எங்கட ஆக்கள் வந்த கப்பல்.

முதலில் 1986க்குப் போவம். அந்த வருசம் ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தில் செயின்ட் ஷொட்ஸ் என்ற சின்ன ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே 155 தமிழர்கள். கண்டெடுத்துக் கரைசேர்த்தவை மீன்பிடிக்கப் போன உள்ளூர்க்காரர். வந்தவர்கள் முதலில் இந்தியாவில் இருந்து வந்ததாகச் சொன்னார்கள். சில நாட்களிலேயே அது பொய், மேற்கு ஜெர்மனியில்தான் கப்பலேறினார்கள் என்று வெளியே வந்துவிட்டது. கோபப்பட்ட கனேடியர்கள் இருந்தார்கள், பத்திரிகைகளில் காரசாரமாக எழுதினவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பும் பக்கம் நிற்கவில்லை. ஒரு வருடம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. அந்தப் படகில் வந்தவர்களின் பிள்ளைகளில் சிலர் இதை வாசிச்சுக்கொண்டிருக்கவும் கூடும்.

அடுத்த வருடம், 1987 ஜூலையில், நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேர் வந்து இறங்கினார்கள். அனேகமானோர் சீக்கியர். ஏர் இந்தியா விமானத்தில் குண்டு வெடித்து 329 பேர் இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்த நேரம். கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தையே அவசரமாகத் திருப்பி அழைத்து, அகதிகளைத் தடுத்துவைக்கிற அதிகாரத்தைக் கூட்டும் சட்டமூலத்தை முன்வைத்தார்கள். கடல் அதே கடல், ஆட்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான். வந்த சனத்தைப் பற்றி நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கதை மட்டும் வேறு.

2010 வரும்போது எங்களைப் பற்றி ஓடின கதையும் மாறிவிட்டது. 2001 செப்டம்பர் 11 நடந்தது. 2006 ஏப்ரலில் கனடா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, ரொறன்ரோவில் ஆயிரக்கணக்கானோர் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தார்கள். உங்களில் சிலர் அப்போது அப்பாவின் தோளில் இருந்திருப்பீர்கள். சாலை மறித்த படங்களும் புலிக்கொடியும்தான் டிவியில் திரும்பத் திரும்ப வந்தன. எதற்காக மறித்தார்கள் என்ற விளக்கம் அந்தளவுக்கு வரவில்லை.

யுத்தம் முடிந்து ஐந்து மாதத்தில், 2009 அக்டோபரில், ஓஷன் லேடி என்ற கப்பல் 76 தமிழ் ஆண்களோடு வான்கூவர் தீவுக்கு அருகே வந்தது. 2010 ஆகஸ்ட் 13ஆம் திகதி எம்.வி. சன் சீ. தாய்லாந்துப் பக்கத்தில் இருந்து வந்த பழைய சரக்குக் கப்பல். அதில் 492 பேர்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 பிள்ளைகள். பயணத்தில் ஒருவர் இறந்துபோனார். கப்பல் கரைக்கு வரமுதலே, அதில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கலாம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் டோவ்ஸ் சொல்லிவிட்டார். எஸ்கிமோல்ட் கடற்படைத் தளத்தில் முதல் ஆள் இறங்கும்போதே தலைப்புச் செய்தி தயாராக இருந்தது.

அந்த மாதமே ஆங்கஸ் ரீட் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. அகதிக் கோரிக்கை உண்மை என்று உறுதியானாலும், பயங்கரவாதத் தொடர்பு எதுவும் இல்லையென்றாலும், அவர்களைத் திருப்பி அனுப்பவேணும் என்று 48 சதவீதம் பேர் சொன்னார்கள். தங்கவிடலாம் என்றவர்கள் 35 சதவீதம். கேள்வியைத் திரும்ப வாசிச்சுப் பாருங்கோ. 'தொடர்பு இல்லை என்று தெரிந்தாலும்' என்று கேட்டிருக்கினம். அப்படிக் கேட்டும் பாதிச் சனம் அனுப்பு என்றுதான் சொன்னது. பாதுகாப்பைப் பற்றின பயம் என்றால், ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு அது இறங்கவேணும் இல்லையோ? இறங்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பயத்துக்குள் வேறு ஏதோவும் கலந்திருந்தது.

அளவையும் பாருங்கோ. அந்த வருடம் கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் சுமார் 23,000 பேர். கப்பலில் வந்தவர்கள் அதில் இரண்டு வீதம் அளவு. மற்றவை அனேகமாக விமானத்திலும் தரைவழியாகவும் வந்தவை. அவர்களை யாரும் ஹெலிகொப்டரில் படம் பிடிக்கவில்லை.

எங்களைப் போல் டெக் வேலை செய்கிற ஆக்களுக்கு இதில் ஒரு விசயம் உடனே விளங்கும். விமானத்தில் வருகிறவரை ஒரு சிஸ்டம் ஏற்கெனவே பார்த்துவிடும். டிக்கெட், பாஸ்போர்ட் நம்பர், விசா எல்லாம் விமானம் கிளம்ப முன்னமே கனடாவுக்கு வந்துவிடும். சரியான தாள் இல்லாதவரை ஏற்றினால் விமானக் கம்பெனிக்குத் தண்டப்பணம், அதனால் கொழும்பிலோ டுபாயிலோ கவுண்டரில் நிற்கிறவரே எல்லைக் காவலராகிவிடுவார். எல்லை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போயாச்சு. கப்பல் மட்டும்தான் லொகின் இல்லாமல் நேரே வாசலுக்கு வருது. வந்தவர்கள் யாரென்று வரும்வரை தெரியாது. ஒரு அரசுக்கு அது உண்மையிலேயே தலையிடிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இன்னும் தெரியாது' என்பதை 'ஆபத்து' என்று மொழிபெயர்த்ததில்தான் பிரச்சினை தொடங்கினது.

வந்த எல்லாரையும் தடுத்துவைத்தார்கள். தாய்மாரும் பிள்ளைகளும் பர்னபியில் இளவயதுக் குற்றவாளிகளுக்கான ஒரு இடத்தில் இருந்தார்கள். ஆண்களை ஒரு சிறையில் வைத்தார்கள். அப்போதைய சட்டப்படி தடுப்பில் இருப்பவரின் வழக்கை முதலில் 48 மணித்தியாலத்துக்குள், பிறகு 7 நாளில், பிறகு 30 நாளைக்கு ஒருமுறை பார்க்கவேணும். 492 பேருக்கும் இதைச் செய்வது அதிகாரிகளுக்குப் பெரிய பாரம்.

குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கு. பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர் என்று 'நம்ப நியாயமான காரணம்' இருந்தாலே ஒருவரை உள்ளே விடாமல் மறுக்கலாம். குற்ற வழக்கில் வேண்டிய அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. அந்த ஆள் எந்த வன்முறையிலும் ஈடுபட்டிருக்கவும் தேவையில்லை. இப்போது வன்னியை யோசியுங்கோ. பல வருடங்களாக அங்கே பொலிஸ், நீதிமன்றம், வங்கி எல்லாம் புலிகளின் நிர்வாகத்தில். அங்கே கடை வைத்திருந்தவர் வரி கட்டியிருப்பார். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போன காலமும் இருந்தது. யார் 'தொடர்பு உள்ளவர்', யார் இல்லாதவர்? ஒரு படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிதான் இருக்கும். வன்னியில் வாழ்ந்தவரின் வாழ்க்கை அந்த இரண்டு பெட்டிக்குள் அடங்காது.

நீதிமன்ற ஆவணங்களில் சன் சீ பயணிகளுக்குப் பெயர் கிடையாது, பாதுகாப்புக்காக எண்தான். அதில் பி-010 என்று ஒருவர். தாய்லாந்து மாலுமிகள் கப்பலை விட்டுப் போனபிறகு பயணிகளே வேலையைப் பங்கு போட்டார்கள். இவர் இன்ஜின் அறையில் சூடும் எண்ணெய் மட்டமும் பார்த்தார். அதற்காக இவரை ஆட்கடத்தலில் ஈடுபட்டவர் என்று தீர்மானித்து, அகதிக் கோரிக்கையையே கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜினைப் பார்க்க ஒருவரும் இல்லையென்றால் 492 பேரும் நடுக்கடலில் நின்றிருக்கவேணும். 2015 நவம்பர் 27ஆம் திகதிதான் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளிவைத்தது. பாதுகாப்புத் தேடி ஓடும்போது ஒருவருக்கொருவர் உதவுவது இலாபத்துக்காகச் செய்யும் ஆட்கடத்தல் ஆகாது என்றது. அதே நாளில், ஓஷன் லேடி வழக்கிலும், ஆட்கடத்தல் குற்றப் பிரிவு குடும்பத்தவரையும் மனிதாபிமானத்தோடு உதவினவர்களையும் சேர்த்துப் பிடிக்கிற அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கு என்று தீர்ப்பு வந்தது.

காசு பார்த்தவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017ல் சன் சீ வழக்கில் ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதே வருடம் ஓஷன் லேடி வழக்கில் நாலு பேரும் விடுதலையானார்கள். சன் சீயில் வந்தவர்களில் முடிவு கிடைத்த கோரிக்கைகளில் பாதிக்கு மேல் ஏற்கப்பட்டன. ஆனால் இந்தச் செய்திகள் எல்லாம் வரும்போது கேமராக்கள் போய் வருசக்கணக்காகிவிட்டது. பயம் ஒரே இரவில் வரும், விடை ஏழு வருடம் கழித்து வரும். சட்டம் இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டுவிடும்.

சரி, அந்தச் சட்டம். கப்பல் வந்து இரண்டே மாதத்தில், 2010 அக்டோபரில், டோவ்ஸும் குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னியும் வான்கூவரில் ஓஷன் லேடி கப்பலையே பின்னணியாக வைத்து புதுச் சட்டமூலத்தை அறிவித்தார்கள். தேர்தல் வந்ததால் அது பாதியில் நின்றது. 2011ல் திரும்ப வந்தது. கடைசியில் சி-31 என்ற பெரிய சட்டமூலத்துக்குள் போய் 2012 ஜூன் 28ஆம் திகதி சட்டமானது. அதன்படி ஒரு குழு வந்த விதத்தை அமைச்சர் 'ஒழுங்கற்ற வருகை' என்று குறிக்கலாம். அப்படிக் குறித்தால் 16 வயதும் அதற்கு மேலும் இருக்கிறவை எல்லாருக்கும் கட்டாயத் தடுப்பு. முதல் மீளாய்வு 14 நாளில், அடுத்தது ஆறு மாதம் கழித்து. இதைவிட மோசமானது ஒன்று இருக்கு: அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க ஏலாது. நிரந்தர வதிவிடம் இல்லையென்றால் மனுசி பிள்ளைகளைக் கூப்பிட ஏலாது. ஒருவர் உண்மையான அகதி என்று சொல்லிவிட்டு, வந்த வாகனத்துக்காகப் பிள்ளையை ஐந்து வருசம் பிரித்துவைக்கிறது. இதில் நாட்டின் பாதுகாப்பு எங்கே இருக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தமிழ்க் கப்பலைக் காட்டிப் போட்ட அந்தச் சட்டத்தை முதலில் யார் மேல் பாவித்தார்கள் தெரியுமோ? 2012 டிசம்பரில், அமெரிக்க எல்லையைத் தரைவழியாகக் கடந்து கியூபெக்குக்குள் வந்த 85 பேர் மேல். அனேகமாக ருமேனியர். அவர்களில் 35 பேர் பிள்ளைகள். கப்பலும் இல்லை, புலியும் இல்லை.

விரலடையாளமும் இதே சி-31க்குள்தான் வந்தது. நேர்மையாகச் சொல்லவேணும்: கப்பல் வந்ததால்தான் அந்த யோசனையே பிறந்தது என்றில்லை. 2008 பட்ஜெட்டிலேயே அதற்குக் காசு ஒதுக்கியாச்சு. திட்டம் மேசையில் இருந்தது. இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். அதிகாரிகளின் லாச்சிக்குள் ஏற்கெனவே ஒரு விருப்பப் பட்டியல் இருக்கும். சனம் பயந்துபோய் இருக்கிற நேரத்தில் அது சட்டமூலத்தோடு சேர்ந்து வெளியே வரும்.

2013ல் 29 நாடுகளையும் ஒரு பிரதேசத்தையும் சேர்ந்தவர்களிடம் தொடங்கினார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா இல்லை. ஐந்து வருடத்துக்கு இப்படி இருந்தது: சென்னையில் இருந்து வருகிற சித்திக்கு விரலடையாளம் வேண்டாம், வவுனியாவில் இருந்து வருகிற மாமிக்கு வேணும். பிறகு 2018 ஜூலை 31ஆம் திகதி ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு. அதே டிசம்பர் 31ஆம் திகதி ஆசியாவும் அமெரிக்கக் கண்டங்களும். இப்போது விசா எடுத்து வருகிற கிட்டத்தட்ட எல்லாரும் கொடுக்கவேணும். விசா தேவைப்படாத பாஸ்போர்ட் வைத்திருக்கிற லண்டன் மச்சான் சும்மா பார்க்க வருகிறதென்றால் கொடுக்கத் தேவையில்லை. 2018ல் விரிவாக்கினபோது கப்பலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அது சாதாரண நிர்வாக நடைமுறை ஆகிவிட்டது. நாங்கள் வேலையில் சொல்லுவமே, பைலட் என்று ஒரு மூலையில் ஓடவிட்டு, பிறகு எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. அதைத் திரும்ப மூடினதை நான் எந்த நாட்டிலும் அதிகம் காணவில்லை.

எடுத்த ரேகை கனேடியப் பொலிசின் டேட்டாபேசுக்குப் போகும். குற்றப் பதிவு, முந்தின அகதிக் கோரிக்கை, நாடுகடத்தல் எல்லாவற்றோடும் ஒப்பிடுவார்கள். அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என ஐந்து நாடுகளும் தங்களுக்குள் விசாரித்துக்கொள்ளும். இதில் ஒரு நன்மையும் இருக்கு, சொல்லாமல் விடக்கூடாது. பெயரை வைத்து ஆளைத் தேடுகிறதைவிட ரேகை துல்லியம். எங்கட பெயர்களின் கூத்து உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகும், ஒரு பாஸ்போர்ட்டில் முன்னுக்கும் அடுத்ததில் பின்னுக்கும் வரும், 'ழ' ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்தாக மாறும். கனடாவின் விமானப் பயணத் தடைப் பட்டியல் 2007ல் தொடங்கியபோது விமானக் கம்பெனிகள் பெயரைத்தான் ஒப்பிட்டன. பட்டியலில் இருக்கிற யாரோ ஒருவரின் பெயரோடு ஒத்துப்போனதால் சின்னப் பிள்ளைகள்கூடக் கவுண்டரில் நிறுத்தப்பட்டார்கள். பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து வருடக்கணக்காகப் போராடித்தான், 2020 நவம்பரில் அந்தச் சோதனையை அரசு தன் கையில் எடுத்து, அப்படி மாட்டுப்படுகிறவர்களுக்குத் தனி எண் கொடுக்கத் தொடங்கியது. துல்லியமான கருவி பிழையாக மாட்டுகிறதைக் குறைக்கும். ஆனால் யாரைத் தேடுகிறது என்பதைக் கருவி முடிவு செய்யாது. அந்தப் பட்டியலை எழுதுவது மனிசர்தான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிற வாசகர்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் நடந்த கதை. அங்கே உளவு அமைப்பான ஏசியோ, அகதி என்று ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஐம்பது பேர் அளவில் பாதுகாப்புக்கு ஆபத்து என்று குறித்தது. அனேகமானோர் ஈழத் தமிழர். திருப்பி அனுப்ப ஏலாது, ஏனென்றால் அகதி. வெளியே விடவும் ஏலாது, ஏனென்றால் ஆபத்து. ஆகவே முடிவுத் திகதி இல்லாத தடுப்பு, வருடக்கணக்கில். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள், அது இரகசியம். 2012 கடைசியில் ஒரு முன்னாள் நீதிபதியை அந்தக் கோப்புகளைத் திரும்பப் பார்க்க வைத்தார்கள். 2013ல் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆஸ்திரேலியா தவறு என்றது. பிறகு ஒவ்வொருவராகப் பலரின் குறிப்பு மாற்றப்பட்டது. வெளியே வந்தவர்களிடம் அப்போதும் விளக்கம் சொல்லவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2025 ஜூனில் கனடா அரசு சி-2 என்ற சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. பெயரே பலமான எல்லைகள். போதைமருந்து, கடத்தல், அமெரிக்காவின் அழுத்தம் என்று காரணங்கள் சொன்னார்கள். உள்ளே பார்த்தால், 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்து ஒரு வருடம் கழித்து அகதிக் கோரிக்கை வைத்தால், அதை அகதிச் சபைக்கே அனுப்பமாட்டோம் என்ற பகுதி. அக்டோபரில் அதன் குடிவரவுப் பகுதிகளை சி-12 என்று தனியே கொண்டுவந்தார்கள். படிக்க வந்த பிள்ளை, மூன்றாம் வருடத்தில் ஊரில் ஏதோ நடந்து திரும்பிப் போக ஏலாமல் நிற்குது என்று வையுங்கோ. அந்தப் பிள்ளைதான் இதில் மாட்டும். பென்டனிலோடு அதற்கு என்ன சம்பந்தம்?

ஸ்காபரோவில் கலியாண வீட்டு மேசைகளில் இதைப் பற்றி நான் கேட்கிற கதை கொஞ்சம் கசப்பானது. 'இப்ப வாறவை சும்மா பொய்க் கேஸ்', 'இவ்வளவு பேரையும் ஏன் விடுறாங்கள்' என்று சொல்லுகிற மாமாக்களில் பலர் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இன்னொருவரின் பாஸ்போர்ட்டில் வந்தவை. அவையோடு வாதாடுகிறது சுகமில்லை, எனக்குத் தெரியும். நான் 'நீங்கள் எப்படி வந்தனீங்கள்?' என்று மட்டும் கேட்பன். சண்டைக்கில்லை, கதை கேட்கத்தான். பெரும்பாலும் சோறு ஆறும் மட்டும் சொல்லுவினம்.

கடைசியாக, கனடாவில் இருக்கிறவைக்கு ஒரு வேலை. உங்களைப் பற்றியோ அம்மா அப்பாவைப் பற்றியோ குடிவரவுத் திணைக்களம் வைத்திருக்கிற கோப்பைக் கேட்டு எடுக்கலாம். அவரவர் தன் சொந்தக் கோப்பைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் காசு இல்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டொலர். இன்னொருவருடையது என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதம் வேணும். விசா மறுத்திருந்தால் அதிகாரி எழுதின குறிப்பும் அதில் வரும், மறுப்புக் கடிதத்தில் இருக்கிற ரெடிமேட் வரிகளைவிட அது நிறையச் சொல்லும். சில இடங்களைக் கறுப்பால் மூடித்தான் தருவார்கள். முப்பது நாள் என்று சட்டம் சொல்லும், கூடவும் எடுக்கும். படிவத்தில் பெயர் எழுதும்போது பழைய பாஸ்போர்ட்டுகளில் என்னென்ன மாதிரி எழுதியிருக்கோ அத்தனையையும் போடுங்கோ, இல்லையென்றால் பாதிக் கோப்பு கிடைக்காது.